நாற்பது முளை, மூன்று துளை

1974 மார்ச் 28

இன்று யூமாவில் குளிர் தணிந்திருக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். தணிந்ததாம்! கேண்டீன் ஃபாயினா பின்வாசலில் வீசிய முட்டைக்கோஸ் சூப் தரையைத் தொடுவதற்குள் தட்டாக இறுகிவிட்டது. ஒரு நாய் அதைச் சக்கரம் போல உருட்டிக்கொண்டு போய்த் தன் குட்டிகளுக்கு விளையாடக் கொடுத்ததை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சரி, ஒரு கண்ணால்.

பதினான்கு கிலோமீட்டர் ரயில் பாதை நடந்தேன். நாலு ஆணி கழன்றிருந்தது, அடித்தேன். கீமேன் சவ்வாத்தியின் சுத்தியல் மட்டும் இல்லையென்றால் இந்த வடக்கு முழுவதும் என்றைக்கோ கழன்று வெண்கடலில் விழுந்திருக்கும். முப்பத்தொரு வருடமாக ஆணி அடித்து நிறுத்தி வைத்திருப்பது நான். ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

சாப்பாடு வழக்கம்போல வாஸ்ஸா அக்கா வீட்டில். அக்கா மகள் ரிம்மா வந்து பூட்ஸைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள். போன இலையுதிர்காலத்திலிருந்து அவள்தான் பாதைப் பகுதியின் பொறுப்பாளர். அதாவது எனக்கும் அதிகாரி. யூமாவில் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்வது இதுதான் முதல் தடவை. நாற்பத்தொன்பது ஆம்பிளைகள் அவள் எப்போது தடுக்கி விழுவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பதாவது ஆள் நான், எனக்கு அந்த ஆசை இல்லை.

"மாமா, இன்னைக்கு எத்தனை ஆணி?"

"நாலு."

நோட்டில் குறித்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்: "எத்தனை கரடிடா?"

"பதினேழு. ஒண்ணு கண்ணாடி போட்டிருந்துச்சு."

"பொய்யன்."

ரிம்மா சிரித்தாள். "அம்மா, மாமா பெரிசா சொன்னா கதை. சின்னதா சொன்னா கணக்கு. எனக்கு இவ்வளவு வருஷமா இது தப்பினதில்ல."

ஊரே என்னைப் பொய்யன் என்கிறது. என்னைப் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.


மார்ச் 31

கூரையில் பனி அசையவில்லை. என் மூக்கு அசைகிறது. சளி.


ஏப்ரல் 2

ரிம்மா ஆபீசுக்குக் கூப்பிட்டாள். நின்றபடியே பேசினாள், உட்காரவில்லை. மூன்றாவது மீசையின் கடைசியில் இன்னும் முப்பது வண்டி மரம் வெட்டிக் கிடக்கிறதாம்.

மீசை என்றால் வெட்டுமிடம் வரைக்கும் சதுப்பின் மேல் பனிக்காலத்துக்கு மட்டும் போடுகிற கிளைத் தண்டவாளம். உறைந்த சேற்றின் மேல் மரக்கட்டைகளைப் பரப்பி அதன் மேல் தண்டவாளம். டிசம்பரில் முளைக்கும், வசந்தத்துக்கு முன் மழித்துவிட வேண்டும். மழிக்கப் பிந்தினால் சதுப்பே மழித்துக்கொள்ளும்.

"அந்த முப்பது வண்டியும் வந்துட்டா இந்தப் பருவத்துக் கணக்கு முழுசாயிடும் மாமா. வரலைன்னா 'பொம்பளைகிட்ட குடுத்தாங்க, பாரு'ன்னு ஒரே பாட்டுதான். ரெண்டு தடவை இஞ்சின் போனாப் போதும். ஆனா அடியில உறைவு எவ்வளவு இருக்குன்னு தெரியாம நான் இஞ்சினை விட மாட்டேன். பாதை ஓரமா அடிச்சிருக்கிற நாப்பது முளைக்குச்சிகிட்டயும் துளை போட்டு அளந்துட்டு வாங்க. நாப்பது சென்டிமீட்டருக்குக் கீழ ஒரே ஒரு இடம் இருந்தாலும் விடமாட்டேன். மரம் அங்கயே கிடக்கட்டும்."

"மகாராணி உத்தரவு" என்று குனிந்தேன். கடப்பாரையும் கொக்கி வைத்த அளவுகோலும் எடுத்துக்கொண்டேன். நான் போகிறேன் என்று தெரிந்தாலே அந்தச் சதுப்பு பயந்து இன்னும் ஒரு முழம் உறைந்துகொள்ளும்.


ஏப்ரல் 3

முதல் முளை 49. இரண்டாவது 48. மூன்றாவது 50. ஒவ்வொரு துளையும் இருபது நிமிடம். இந்தக் கை ஒரு காலத்தில் ஒரே குத்தில் பூமியின் மறுபக்கம் வரை ஓட்டை போட்ட கை, இப்போது வயதாகிவிட்டது.

மூன்றாவது முளைக்குப் பக்கத்தில் மரவெட்டிகளின் குடிசை. புகை வந்தது. மீன் பொதிந்து சுட்ட ரொட்டியின் வாசனையும் வந்தது. ஆறு பயல்கள், சங்கிலி ரம்பம் ரிப்பேர், வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரிசு! வாங்க வாங்க. அந்தக் கடமான் கதையை இவன் கேட்டதே இல்லையாம்."

கேட்டதில்லையா? ஒரு மனிதன் இந்தப் பாதையில் வேலை செய்துகொண்டு, நான் ஒரு கடமானைப் பழக்கி மூன்று மாதம் டிக்கெட் பரிசோதகராக வைத்திருந்த கதையைக் கேட்டதில்லையா? உட்கார்ந்தேன். நாலு மணி நேரம். ஒருவன் சிரித்துச் சிரித்து ரொட்டி மூக்கில் ஏறிவிட்டது. இப்படி ஒரு சபை எனக்கு வாய்த்துப் பல வருடம் ஆயிற்று.

எழுந்தபோது வெளிச்சம் சாய்ந்துவிட்டது. மீதி முப்பத்தேழு முளைகளையும் மனக்கண்ணால் அளந்தேன். 48, 49, 48, 47... மூன்று பார்த்தவனுக்கு முப்பத்தேழு தெரியாதா? அங்கங்கே ஒன்றிரண்டு குறைத்தும் எழுதினேன், நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமே. இருபத்தேழாவது முளைக்கு அடியில் ஊற்று ஒன்று உண்டு, அதனால் அங்கே மட்டும் 46.

என் ஆயுளில் இவ்வளவு அடக்கமான எண்களை நான் எழுதியதே இல்லை.


ஏப்ரல் 4

ரிம்மா நோட்டை வாங்கிப் படித்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.


ஏப்ரல் 5

காலையில் கூரை சொட்டியது. ஒரு சொட்டு, அப்புறம் இன்னொன்று. நானும் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான். டிரைவர் எவ்சேய் இஞ்சினின் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். வண்டி பாதையில் இறங்க இன்னும் கால் மணி இருந்தது.

"யோவ் சவ்வா, வழியனுப்ப வந்தியா, இல்ல உன் கடமான் டிக்கெட் கேக்க வந்துச்சா?"

"உன் மூஞ்சியைப் பாத்தா கடமானே இலவச பாஸ் குடுத்துடும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் ஹாரன் அடித்தான். என் வாய் நூறு வண்டி சரக்கை இழுக்கும், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இழுக்கவில்லை.

மத்தியானம் பதினைந்து வண்டி மரத்தோடு திரும்பி வந்தான். ஒரு கீறல் இல்லை. பார்த்தாயா? பார்த்தாயா! மனக்கண் என்றால் சாதாரணமா? ஃபாயினா கேண்டீனில் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன்.


ஏப்ரல் 6

போச்சு.

இருபத்தேழு.


ஏப்ரல் 7

எழுதணும். எழுதாம எப்படி.

திரும்பி வரும்போது. பதினைந்து வண்டியும் பாரத்தோடு. முன்னால் நடந்துபோன கேங்மேன் பார்த்திருக்கிறான், தண்டவாளம் இரண்டும் மெதுவாகக் கீழே குனிந்தனவாம், யாரோ கையை வைத்து அழுத்தின மாதிரி. இஞ்சின் இடது பக்கம் சாய்ந்தது. சத்தமே இல்லையாம். எவ்சேய் குதித்தான். முதல் வண்டியிலிருந்து உருண்ட ஒரு கட்டை அவன் மேல். இடுப்பு.

பதினாறு பேர் சேர்ந்து அவனை ட்ராலியில் கிடத்தித் தள்ளிக்கொண்டு வந்தோம். நானும் தள்ளினேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "சவ்வா, கீழ தண்ணியா இருந்துச்சு. வெறும் தண்ணி" என்றான்.

ஷோல்கா சந்திப்புக்கு, அங்கிருந்து பெரிய ரயிலில் ஆஸ்பத்திரிக்கு.

ரிம்மா சதுப்பின் ஓரத்திலேயே நின்றாள். யாரோ அவள் தோளில் ஒரு கம்பளிக் கோட்டைப் போட்டார்கள், அது விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

நான் ஏன் போகலை? இருபத்தேழுக்கு நடந்து போக முக்கால் மணி நேரம் ஆகியிருக்குமா? ஊத்து இருக்குன்னு தெரியும். போன டிசம்பர்ல கட்டை பரப்பினப்ப நானே காலை விட்டுப் பாத்தவன். தெரிஞ்சும் நாப்பத்தாறுன்னு எழுதினேனே. என்ன மனுஷன்டா நீ.


ஏப்ரல் 9

இரண்டாவது இஞ்சினைக் கொண்டுவந்து கம்பி வடம் கட்டி இழுத்தார்கள். வடம் அறுந்ததுதான் மிச்சம். டிரைவர் அறையின் கூரை மட்டும் தெரிகிறது. அதன் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து எல்லோரையும் மேற்பார்வை பார்த்தது.

யூமாவுக்கு இருந்தது இரண்டு இஞ்சின். இனி ஒன்று. மரத்துக்கும் அதுதான், ஜனங்கள் போகிற பெட்டிக்கும் அதுதான். வெள்ளிக்கிழமை மட்டும் பெட்டி போகுமாம். ஃபாயினா கேண்டீனில் சத்தமாகவே சொன்னாள்: "பல் வலி வந்தா வெள்ளிக்கிழமையா பாத்து வரணும்." யாரும் ரிம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள்.


ஏப்ரல் 10

கூரையும் போய்விட்டது.


ஏப்ரல் 15

நகரத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். ஒல்லி, கண்ணாடி, பூட்ஸுக்கு மேல் ரப்பர் உறை. ஊர் மன்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்து ரிம்மாவைக் கேட்டார்.

"உறைவை அளந்தது யார்?"

"அளவுக்குப் பொறுப்பு நான். கையெழுத்து என்னோடது."

"அளந்தது யாருன்னு கேட்டேன்."

"கையெழுத்து என்னோடது" என்றாள் மறுபடியும்.

நான் மூன்றாவது வரிசையில். தொப்பி மடியில். அந்தத் தொப்பியில் எத்தனை தையல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்று.


ஏப்ரல் 16

கோழை. இந்தச் சொல்லை மிகைப்படுத்த என்னால்கூட முடியவில்லை.


ஏப்ரல் 18

இன்று சொல்லிவிட்டேன். சொன்னேன் என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது விசாரணை. மன்றம் நிறைந்திருந்தது. எழுந்து நின்றேன். மூன்றே வாக்கியம் என்று வீட்டில் பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஆனால் நூறு முகம் என் பக்கம் திரும்பியதும் இந்தப் பாழாய்ப் போன வாய் தன் பழைய வேலையைக் காட்டிவிட்டது.

"ஐயா, பதினெட்டு டன் இஞ்சினைச் சதுப்புல முக்கினது இந்த ஒத்தைக் கை!"

பின் வரிசையில் கொல்லென்று சிரிப்பு. "பெரிசு, மறு கை என்ன பண்ணிட்டிருந்துச்சு? கரடிக்குக் கை குடுத்துட்டிருந்துச்சா?"

"சிரிக்காதீங்கடா! மூணே முளைதான் அளந்தேன். மீதி முப்பத்தேழு..."

"அது கடமான் அளந்துச்சு!"

அதிகாரி கூடச் சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார். குடிசையில் இருந்த பயல்களைக் கேட்டார். ஆறு பேரும் ஒரே குரலில், "அஞ்சு நிமிஷம்தான் உக்காந்தார் ஐயா, ஒரு வாய் டீ குடிச்சார், கிளம்பிட்டார்." வேலை நேரத்தில் கதை கேட்டது தெரிந்தால் அவர்களுக்கும் ஆபத்துதானே.

"இவர் உங்களுக்கு யார்?" என்று ரிம்மாவைக் கேட்டார்.

"தாய்மாமா."

"ம். புரியுது" என்று ஏதோ எழுதினார். மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் தலைகீழாகப் படிக்க முடிந்தது: உறவினர். பாசத்தால் பழியை ஏற்க முயல்கிறார். கருத்தில் கொள்ளத் தேவையில்லை.

வாழ்க்கையில் முதல் முறையாக என்னைப் பற்றி ஒருவர் நல்லவிதமாக எழுதியிருக்கிறார்.


ஏப்ரல் 20

மீசையில் மிஞ்சிய பாதையை மழிக்கிறோம், மற்றதும் முழுகுவதற்கு முன்னால். ரிம்மா இன்னும் பதவியில்தான் இருக்கிறாள், தீர்ப்பு வரும்வரை. ஆனாலும் ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்துக்கொண்டு கேங்கோடு கேங்காக நின்றாள். முழங்கால்வரை சேறு. நான் பக்கத்து ஸ்லீப்பர் கட்டைக்குப் போனேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் ஆணிகளோடு மட்டும் பேசினோம்.

"ரிம்மா, நான் அன்னைக்கு மன்றத்துல சொன்னது..."

"தெரியும் மாமா. மூணுதான் அளந்தீங்க."

கம்பி கையிலிருந்து நழுவியது.

"அந்தப் பசங்க சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. பிப்ரவரியில நல்ல குளிர்லயே இருபத்தேழுல நாப்பத்தொண்ணுதான் இருந்துச்சு. ஏப்ரல்ல எப்படி நாப்பத்தாறு ஆகும்? நோட்டைப் பாத்த நிமிஷமே விரல் அங்க நின்னுடுச்சு." ஒரு ஆணியைப் பிடுங்கி வாளியில் போட்டாள். "நின்னுச்சு, அப்புறம் நகர்ந்துடுச்சு. எனக்கு அந்த முப்பது வண்டி வேணும். நீங்க எழுதின எண் எனக்குத் தேவைப்பட்டுச்சு. எழுந்து நடந்தா போய்ப் பாத்திருக்கலாம்."

"இல்லம்மா. பாவம் முழுக்க என்னோடது. ஏழு ஜென்மத்துக்கும் இந்தச் சதுப்பு என் தலையில..."

"மாமா." நிமிர்ந்தாள். முகத்தில் சேறு தெறித்திருந்தது. "இதையும் முழுசா நீங்களே எடுத்துக்காதீங்க. எப்பவும் பெரிய பங்கு உங்களுக்குத்தான் வேணும். எனக்கு என் பாதியை விடுங்க."

நான் வாயை மூடினேன். வரலாற்றில் இது பதிவாக வேண்டிய நிகழ்ச்சி. ஆனால் அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான்...

"நீங்க ஆயிரம் கரடி சொல்லுங்க, நான் சிரிப்பேன். எது கதை, எது கணக்குன்னு எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட பெருமையா சொல்வேன், கேட்டிருப்பீங்க. இப்ப நீங்க சின்னதா ஒரு எண் சொன்னா நான் என்ன பண்றது?"

பதினொரு ஆணி பிடுங்கினேன். பதினொன்று. எண்ணிப் பார்த்து எழுதுகிறேன்.


மே 3

தீர்ப்பு வந்துவிட்டது. பதவி போயிற்று. ஷோல்கா சந்திப்பில் ரயில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ் வேலை. எழுபது கிலோமீட்டர் தள்ளி, அங்கே ஒரு அறை கொடுப்பார்களாம்.

வெள்ளிக்கிழமைப் பெட்டியில் ஏறினாள். ஒரு அட்டைப் பெட்டி, ஒரு மூட்டை, பூந்தொட்டி ஒன்று. வழியனுப்ப வாஸ்ஸா அக்காவும் நானும். நாற்பத்தொன்பது பேரில் ஒருவர்கூட வரவில்லை. மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

"பத்திரம்" என்றேன்.

"சரி" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.


மே 4

அக்கா தட்டு வைக்கிறாள். பரிமாறுகிறாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவள் நம்பினாள்.


ஜூன் 21

எவ்சேய் திரும்பி வந்தான், ஊன்றுகோலோடு. இடது கால் ஒரு விரல் அளவு குட்டையாகிவிட்டதாம். இனி இஞ்சினில் ஏற முடியாது. கிடங்கில் உட்கார்ந்து ரம்பங்களைத் தீட்டும் வேலை.

கேண்டீன் வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொசு மேகமாக மொய்த்தது. மற்ற வருடமாக இருந்தால் ஒரு கொசுவின் முதுகில் சேணம் போட்டு ஷோல்கா வரை போய்வந்ததாகச் சொல்லியிருப்பேன்.

"எவ்சேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்யா. குடிசைப் பசங்கள்ல ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். அழுதுட்டே சொன்னான்." ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்தான். "சரி, சொல்லு."

"என்ன சொல்ல?"

"அந்தக் கடமான் கதை. அன்னைக்கு அவனுங்களுக்குச் சொன்னியே, அதையே. அந்தக் கதைக்கு என் இடுப்பைக் குடுத்திருக்கேன். ஒரு தடவையாவது முழுசா கேக்க வேணாமா?"

கேலியா, கோபமா, தெரியவில்லை. அவன் முகத்தில் இரண்டும் இருந்தது. ஆரம்பித்தேன். கடமானைக் கண்ணியில் பிடித்தது, தொப்பி தைத்துப் போட்டது, முதல் நாள் அது மேலாளரின் டிக்கெட்டைத் தின்றது. அங்கே நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை, எவ்சேய். நான் ஒரு கடமானையும் பிடிச்சதில்லை."

"அது எனக்குத் தெரியாதாய்யா, முட்டாளே" என்றான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனான். போகிற வழியெல்லாம் பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து.


ஆகஸ்ட் 11

மூன்றாவது மீசை இருந்த இடத்துக்குப் போனேன். பாசி மூடிவிட்டது. இஞ்சின் எங்கே முங்கியது என்று கேட்டால் காட்டத் தெரியாது, அவ்வளவு பச்சை. பழம் பொறுக்க வந்த இரண்டு பெண்கள் சரியாக அங்கே நின்றுகொண்டு மஞ்சள் முள்ளிப்பழம் பறித்தார்கள். நல்ல விளைச்சல் என்றார்கள். ஒரு கை நிறையக் கொடுத்தார்கள். தின்னவில்லை.


செப்டம்பர் 30

ரிம்மாவுக்கு எழுதிய ஆறாவது கடிதத்தையும் அடுப்பில் போட்டேன். எல்லாம் மிகப் பெரிய கடிதங்கள். அழுகை ஆறாக ஓடி ரயிலை அடித்துப் போகிற கடிதங்கள். ஏழாவதில், "ஊரில் மழை. அம்மா நலம். நானும் நலம்" என்று எழுதினேன். அதைப் பெட்டியில் போட்டேன்.

பதில் இல்லை.


அக்டோபர் 24

பாதை நடக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். முழங்கால் காரணம். புதுப் பொறுப்பாளர் நல்ல பையன், கேட்டான்: "பதினெட்டாவது கிலோமீட்டர் காவல் குடிசை காலியா இருக்கு. போறீங்களா?" போகிறேன் என்றேன். ஒரு குடிசை, ஒரு அடுப்பு, ஒரு தெர்மாமீட்டர், பனி அளக்க ஒரு கம்பம், சுவரில் ஒரு டெலிபோன். தினமும் காலை ஒன்பது மணிக்குப் பாதை முழுவதும் உள்ள காவல் குடிசைகளை ஷோல்காவிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். எல்லாக் குடிசைக்கும் ஒரே கம்பி, ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். குளிர் எவ்வளவு, பனி எவ்வளவு என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

சாம்ராஜ்யம் சின்னது. குடிமக்கள்: ஒரு எலி.


அக்டோபர் 26

ஒன்பது மணிக்கு மணி அடித்தது. எடுத்தேன்.

"பதினெட்டாவது கிலோமீட்டர், சொல்லுங்க."

ரிம்மாவின் குரல்.

எனக்கு ஒரு நிமிடம் எண்ணே மறந்துவிட்டது. "பதினெட்டாவது கிலோமீட்டர்!" என்றாள் மறுபடியும். "மைனஸ் நாலு" என்றேன். "பனி மூணு சென்டிமீட்டர்."

"மைனஸ் நாலு. மூணு. பத்தொன்பதாவது கிலோமீட்டர், சொல்லுங்க."

சந்திப்பில் டெலிபோன் பார்த்த அம்மாள் ஓய்வு பெற்றதால் அந்த வேலையையும் இவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பத்தொன்பதாவது கிலோமீட்டர்க்காரன் பிறகு சொன்னான். என் குரல் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? இந்த வடக்கிலேயே இரண்டாவது இடியோசை என் குரல்.


நவம்பர் 15

மைனஸ் பதினொன்று. பனி இருபத்தாறு.

இதைத் தவிர இன்று நான் வேறு யாரிடமும் எதுவும் பேசவில்லை. எலி கணக்கில் சேராது.


டிசம்பர் 6

வெள்ளிக்கிழமைப் பெட்டியில் அக்காவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கம்பளிக் காலுறை. கடிதம் கிடையாது. ஆனால் இரண்டு ஜோடி.


டிசம்பர் 19

பயங்கரக் குளிர். எவ்வளவு என்று மட்டும் எழுதுகிறேன், கீழே வருகிறது.

ஒன்பது மணி. "பதினெட்டாவது கிலோமீட்டர், சொல்லுங்க."

"மைனஸ் முப்பத்தொண்ணு. பனி அறுபத்திரண்டு."

எப்போதும் உடனே திருப்பிச் சொல்வாள். இன்று சொல்லவில்லை. கம்பியில் வெறும் இரைச்சல்.

"வெளிய போய்ப் பாத்தீங்களா?"

தெர்மாமீட்டர் ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது. கண்ணாடியில் உறைந்திருந்த பனியை நகத்தால் சுரண்டி, ஒரு காசு அளவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்திருந்தேன். கம்பத்தையும் அதே ஓட்டையில்தான். பார்த்தேன் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை.

"இல்லை. ஜன்னல் வழியா பாத்தேன்."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

ரிசீவரை மேசை மேல் வைத்தேன். பூட்ஸ், கோட்டு, மேலே சால்வை. கதவு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, தோளால் மூன்று முறை இடித்துத் திறந்தேன். தொடையளவு பனியில் குடிசையைச் சுற்றிப் போனேன். தெர்மாமீட்டரைக் கட்டைவிரலால் துடைத்தேன். முப்பத்துமூன்று. கம்பத்தடிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். காற்று அந்தப் பக்கமாகப் பனியைக் குவித்திருந்தது. அறுபத்தெட்டு. இரண்டாவது தடவையும் பார்த்தேன். பிறகு கதவு, பூட்ஸைத் தட்டுவது, எல்லாம் சேர்த்து பத்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

எனக்கு அப்புறம் இன்னும் ஒன்பது குடிசை இருக்கிறது. ஒருத்தர் பதில் சொல்லவில்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. போயிருப்பாள் என்று நினைத்துத்தான் ரிசீவரை எடுத்தேன்.

பத்தொன்பதாவது கிலோமீட்டர்க்காரன் கத்திக்கொண்டிருந்தான்: "ஏம்மா, நாங்க எல்லாம் இங்க உறைஞ்சு சாகவா? எங்களைக் கேட்டுட்டுப் போயேன்!"

"கொஞ்சம் இருங்க அண்ணே" என்றது ரிம்மாவின் குரல். "மாமா வெளிய போயிருக்கார். வரட்டும்."

இருமுவது போல் ஒரு சத்தம் செய்தேன்.

"முப்பத்திமூணு" என்றேன். "பனி அறுபத்தெட்டு."

"முப்பத்திமூணு. அறுபத்தெட்டு" என்றாள். அவள் எழுதுகிற சத்தம் கேட்டது.